ஒன்றரை அடிப் பொலித்தீன்

வெள்ளவத்தையில், கடலுக்கு மூன்று கட்டடம் முன்னால்,
மண்ணுக்குள் இரண்டு மாடி இறங்கி நிற்கிறோம்.
தலைக்கு மேல் பதினொரு மாடிக் குடித்தனம்.
ரயில் போனால் பிளேன்டீயில் வட்டம் விழும்.

முதல் வேலைக்கு மெசின் வேண்டாம்.
ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பொலித்தீன்,
நாலு பக்கமும் டேப்,
விடியும்வரை தரையின் வாயைப் பொத்தி வைப்பது.

காலையில் உரித்தேன்.
உள்பக்கம் முழுக்க வியர்வை.
மூடியிருந்த இடம் மட்டும்
கறுத்த சதுரமாய்.
செனரத் சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
தரைக்குத்தான்.

படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.
எதற்குச் சரி என்கிறார் என்று
இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
பிறகு போன் அடித்தது:
"திங்கட்கிழமை கார் இறக்கிறாங்கள். பூசு."

சீவினோம். வைரப்பல் மெசின்
கொங்கிறீற்றின் மேல்தோலை மாவாக்கியது.
நஸ்மியின் கண்ணிமை மயிரெல்லாம் வெள்ளை.
காலையில் அவனுக்கு இருபத்திரண்டு வயது,
பின்னேரம் எழுபது.

நாலு பங்கு இது, ஒரு பங்கு அது.
தனித்தனி டின்னில் வருசக்கணக்காய்ச் சாதுவாய் இருக்கும்.
கலந்தால் இருபத்தைந்து நிமிடம்,
கொழும்பு வெக்கைக்கு இருபது என்று வை.
அதற்குள் ஊற்றாவிட்டால்
வாளி சுடும், புகையும்,
வாளியின் வடிவத்தில் ஒரு கல் மிஞ்சும்.
அந்த இருபது நிமிடம்
மனைவி எடுத்தாலும் வங்கி எடுத்தாலும்
நான் யாருமில்லை.

ஆணிச் சப்பாத்து மாட்டிக்கொண்டு
ஈரத்தின் மேலேயே நடப்போம்.
காலைத் தூக்கத் தூக்க
ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.
முள்ளு ரோலரால் குமிழிகளைக் குத்திக்கொண்டு
பின்னால், இன்னும் பின்னால்,
சரிவுப்பாதையின் விளிம்பு வரை.

திரும்பிப் பார்த்தால்
பன்னிரண்டு குழல்விளக்கு கீழேயும் எரிகிறது.
கட்டடச் சங்கச் செயலாளர் சிவகடாட்சம்
சப்பாத்தைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.
"இதில தோசை போட்டுச் சாப்பிடலாம், தம்பி."

ஐப்பசி மழை முடியக் கூப்பிட்டார்கள்.
பதினேழாம் தரிப்பிடம், டொக்டரின் காருக்குக் கீழே
கொப்புளங்கள்.
சிலது ஐந்து ரூபாய்க் குற்றி அளவு,
ஒன்று அப்பமளவு.
நஸ்மி எண்ணினான்: நாற்பத்து மூன்று.
எண்ணச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

"கடல் உள்ளுக்கு வந்திட்டுது" என்றார் சிவகடாட்சம்.
"கடலுக்கு நாங்கள் என்ன செய்யிறது" என்றார் முதலாளி,
மிக வேகமாக.

முழங்காலில் இருந்து பெரிய கொப்புளத்தைக் கத்தியால் கீறினேன்.
தண்ணீர் பீறி மணிக்கட்டில் அடித்தது.
விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன்
(செய்யக்கூடாது, தெரியும்).
உப்பில்லை.
சவர்க்கார வழுவழுப்பு, பிறகு ஒரு எரிவு.
சீமெந்தின் சொந்தத் தண்ணீர்,
வெளியே வர வழி கேட்ட தண்ணீர்.

துப்பினேன்.
கடல் பாவம், என்றேன், மெல்ல.

போனில் அந்தப் படம் இன்னும் இருந்தது.
கறுத்த சதுரம், திகதி,
கீழே கட்டைவிரல்.
செயலாளர் என்னைப் பார்த்தார்.
முதலாளி என் கையைப் பார்த்தார்.
போனை எடுத்தேன்,
நேரம் பார்த்தேன்,
பத்து இருபது,
திரும்பப் பொக்கற்றில் வைத்தேன்.
மூன்று பிள்ளைகள் எனக்கு.

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.
மேலே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம்
குழாய் வழியே இறங்கி வந்தது.

நஸ்மி பொலித்தீனை விரித்துப் பிடித்தான்.
நான் டேப்புக்குக் கை நீட்டினேன்.
இந்த முறை
முதலாளியே இழுத்தார்,
பல்லால் கடித்து வெட்டித் தந்தார்.
நாலு துண்டு.
மூலையில் ஒன்று சரியாய் ஒட்டவில்லை என்று
குனிந்து, பெருவிரலால்
நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார்.